பெட்டியைத் தூக்கிறவன் ‘ஏலாது’ எண்டால் ஏலாதுதான்

எங்கட கலைவிழாக்களுக்கு ஒரு வருத்தம் பிடித்திருக்கிறது. பாட்டு எப்படிப் போகுது, கிற்றார் கேட்குதா இல்லையா என்பதெல்லாம் பிறகு. முதலில் மேடையின் பின்பக்கம் ஆளுயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டி அடுக்கியிருக்க வேண்டும். அதன் உச்சியில் ஒரு வால்வு அம்பிளிபயர் சிவப்பு லைற்றோடு குந்தியிருக்க வேண்டும். படம் எடுத்தால் அது பின்னால் தெரிய வேண்டும். அடுக்குகிற பெடியன் “அண்ணை, பலகை ஆடுது” என்று சொன்னால், ஏற்பாட்டுக் குழுவில் யாராவது ஒருவர் “ஒண்டும் நடக்காது, வை” என்கிறார்.

அந்த “ஒண்டும் நடக்காது” என்ற இரண்டு சொல்லுக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் இந்த அடுக்கு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1965 அளவில் ‘த ஹூ’ இசைக்குழுவின் கிற்றார் கலைஞர் பீற் ரவுன்செண்ட், மேற்கு லண்டனில் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலிடம் போனார். 100 வற் அம்பிளிபயரும், 12 அங்குல ஸ்பீக்கர் எட்டு ஒரே பெட்டிக்குள் இருக்கிற கபினெற்றும் வேண்டும் என்று கேட்டார். மார்ஷல் செய்தும் கொடுத்தார். ஆனால் குழுவுக்குச் சாமான் தூக்குகிறவர்களால் அந்தப் பெட்டியோடு மாரடிக்க முடியவில்லை. அவர்கள் முறையிட்டார்கள். கடைசியில் அது இரண்டு பெட்டியானது: நாலு ஸ்பீக்கர் கீழே, நாலு ஸ்பீக்கர் மேலே. இன்றைக்கு உலகம் முழுக்க ரொக் மேடையின் அடையாளமாக நிற்கிற அடுக்கு இதுதான். அதாவது, தூக்குகிறவன் “ஏலாது” என்று சொன்னதால் பிறந்த வடிவம் அது. அந்த வடிவத்தை மட்டும் கடன் வாங்கிவிட்டு, “ஏலாது” என்று சொல்லுகிற உரிமையை விட்டுவிட்டு வருவது என்ன நியாயம்?

இனிக் கணக்குக்கு வருவோம். மார்ஷலின் வழமையான நாலு ஸ்பீக்கர் பெட்டி ஒன்று ஏறக்குறைய 36 கிலோ. உயரம் முக்கால் மீற்றர் வரும். முன்னுக்கும் பின்னுக்கும் இடையிலான ஆழமோ 36 சென்ரிமீற்றர்தான். இரண்டை அடுக்கி மேலே 20 கிலோ அம்பிளிபயரை வைத்தால், 90 கிலோவுக்கு மேற்பட்ட பாரம், 1.8 மீற்றர் உயரத்துக்கு, ஒரு சாண் சொச்சம் ஆழமான அடியில் நிற்கிறது. எடையின் மையம் தரையிலிருந்து 95 சென்ரிமீற்றர் அளவில் வரும். கணக்குப் போட்டால் சுமார் 11 பாகை சாய்ந்தாலே அடுக்குக் கவிழும். ஸ்பீக்கர்கள் எல்லாம் முன்பலகையில் பூட்டியிருப்பதால் சனம் இருக்கிற பக்கம் விழ அதைவிடக் குறைவே போதும். மேற்பெட்டியின் உச்சியில் 11 கிலோ அளவுக்கு ஓர் இழுவை விழுந்தால் சரி. இருட்டில் வயரில் கால் தடக்கி விழுகிற ஒருவர் அதைவிடக் கூடுதலாகவே இழுப்பார்.

இதெல்லாம் சமதரைக்குச் சொன்ன கணக்கு. எங்கட மேடை என்ன மேடை? கோயில் வீதி மணலில் இரும்புச் சட்டம், அதற்கு மேல் பலகை, அதற்கு மேல் கம்பளம். சில ஊர்களில் உழவு இயந்திரப் பெட்டி. ஒரு காலுக்குக் கீழே சீமெந்துக் கல், மறு காலுக்குக் கீழே மரக்கட்டை. ஐப்பசி, கார்த்திகை மழை பெய்தால் மணல் இரவோடு இரவாக இறங்கும். மேடையே 3, 4 பாகை சாய்ந்து நின்றால், அந்த 11இல் மூன்றில் ஒன்று நிகழ்ச்சி தொடங்க முன்னமே போய்விட்டது. பிறகு டிரம்ஸ் அடிக்கிற அதிர்வு. அந்த அதிர்வில் உச்சியில் இருக்கிற அம்பிளிபயர் பாட்டுக்குப் பாட்டு விளிம்பை நோக்கி நகரும். நகருவது வாசிக்கிறவருக்குத் தெரியாது, ஏனென்றால் அவர் சனத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

விழுவது வால்வு அம்பிளிபயர் என்றால் கதை இன்னும் மோசம். 100 வற் வால்வு அம்பிளிபயருக்குள் 450 வோல்ற்றுக்கு மேல் ஓடும். பிளக்கைக் கழற்றின பிறகும் உள்ளே இருக்கிற கொள்ளளவிகள் அந்த மின்னைப் பிடித்து வைத்திருக்கும். விழுந்து உடைந்த பெட்டிக்குள் “என்ன நடந்தது பாப்பம்” என்று கைவிடுகிறவருக்கு அது தெரியுமா? விழாமலே ஸ்பீக்கர் வயர் மட்டும் இழுபட்டுக் கழன்றாலும், வாசிக்க வாசிக்க வெளியீட்டு ரான்ஸ்ஃபோமர் எரிந்துபோகலாம். வால்வு நெருப்பாய்ச் சுடும். அதைப் பின்திரைச் சீலையோடு ஒட்டி வைப்பதும், மேலே பூமாலை போடுவதும், துவாய் விரிப்பதும் அலங்காரம் இல்லை, நெருப்புக்குக் கொடுக்கிற அழைப்பு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கனடாவில் இருந்து மாமாவோ சித்தப்பாவோ அனுப்பின அம்பிளிபயர் 120 வோல்ற். இங்கே 230. இடையில் ஒரு ரான்ஸ்ஃபோமர் போடுகிறோம், சரி. அது இரண்டு பின் ரான்ஸ்ஃபோமர் என்றால் ஏர்த் அதோடு அறுந்துபோகிறது. 1972 மே 3ஆம் திகதி வேல்ஸில் சுவான்சீ நகரத்து மேடையில் லெஸ் ஹாவி என்ற கிற்றார் கலைஞர், ஏர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மின் தாக்கிச் செத்தார். நல்ல வாசிப்பு ஏர்த் இல்லாத குறையைத் தீர்க்காது.

இப்ப மறுபேச்சுக்கு வருவோம். “உயரம் இல்லாட்டி ரொக் இல்லை” என்கிறார்கள். உலகப் பெரிய மேடைகளில் மதில் மாதிரித் தெரிகிற அடுக்குகளில் எத்தனையோ பெட்டி வெறும் பெட்டி. உள்ளே ஸ்பீக்கரே இல்லை. சனத்துக்குக் கேட்பது ஒரு பெட்டிக்கு முன்னால் வைத்த மைக் வழியாகப் போகிற சத்தம்தான். ஆக, உயரம் சத்தமில்லை. உயரம் ஒரு படம்.

“வாசிக்கிறவருக்குத் தன்ர கிற்றார் கேட்க வேணுமே?” நியாயமான கேள்வி. பெட்டி நிலத்தில் இருந்தால் சத்தம் முழங்காலுக்குத்தான் போகும். 12 அங்குல ஸ்பீக்கரின் கூர்மையான சத்தம் நேர்கோட்டில்தான் பாயும். அதற்கு வழி இரண்டாவது பெட்டி இல்லை. இருக்கிற ஒரு பெட்டியை உறுதியான தாழ்ந்த மேசையில் வைக்கலாம். அல்லது முகத்தைப் பார்க்கிற மாதிரிக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, வழுக்காமல் கட்டை கொடுக்கலாம். ஃபென்டர் கம்பனி தன் பெரிய அம்பிளிபயர்களுக்குச் சாய்த்து வைக்கவென்றே பக்கக் கால் பூட்டித்தான் விற்றது.

“சவுண்ட்ஸ்காரர் இருபது வருசமா இப்பிடித்தான் வைக்கிறார்.” இருபது வருடம் விழாமல் நின்றதற்கு யார் காரணம்? ஒவ்வொரு இரவும் பின்னால் நின்று தோள் கொடுத்துப் பிடித்த பெடியன்தான்.

அந்தப் பெடியனிடம்தான் இந்தக் கட்டுரை வந்து நிற்கிறது. மத்தியானம் லொறியில் வருகிறான். இறக்குகிறான், அடுக்குகிறான், நடுச்சாமம் தாண்டிக் கழற்றி ஏற்றுகிறான். நாட்கூலி. நியமனக் கடிதம் கிடையாது. வேலையில் காயப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்கிற கட்டளைச் சட்டம் இந்த நாட்டில் 1934இல் இருந்தே இருக்கிறது. ஆனால் தான் அங்கே வேலை செய்தவன் என்று காட்ட ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லாதவன் எந்தக் கந்தோர்ப் படியில் ஏறுவது? உழைப்பு, வர்க்கம், சுரண்டல் என்று சோதனைத்தாளில் பக்கம் பக்கமாக எழுதுகிற பிள்ளைகள்தான் விழாக் குழுவில் இருந்துகொண்டு “வை மச்சான்” என்கிறார்கள். நன்றியுரையில் கடையின் பெயர் வரும். தூக்கினவனின் பெயர் வராது.

ஆகவே எங்கள் கோரிக்கை இது. ஒரு கிற்றாருக்கு ஒரு பெட்டி. இரண்டாவது பெட்டி வேண்டுமென்றால், மேசன்மாரின் தண்ணிமட்டம் வைத்து மேடை பார்க்கப்பட வேண்டும். நேரான பெட்டி கீழே, சாய்ந்த முகமுள்ள பெட்டி மேலே. சில்லுகள் கழற்றப்பட வேண்டும். ஒரே கம்பனிப் பெட்டி என்றால் மேற்பெட்டியின் கால் கீழ்ப்பெட்டியின் குழிக்குள் உட்காரும். வேறு வேறு கம்பனி என்றால் அடுக்கவே வேண்டாம். லொறிக்காரர் சாமான் இறுக்குகிற பட்டியால் அடுக்கு மேடைச் சட்டத்தோடு கட்டப்பட வேண்டும், பின்திரைக் கம்போடு இல்லை. வயர்கள் ஆள் நடக்காத பக்கத்தால், இழுபடாத தளர்வோடு போக வேண்டும். ஒரு பெட்டிக்கு இரண்டு பேர். இரவுச் சாப்பாடு குழுவின் செலவு.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: தூக்குகிறவர் “ஏலாது” என்று சொன்னால் அதோடு பேச்சு முடிந்தது. தலைவர், செயலாளர், பிரதம விருந்தினர், எவருக்கும் அதை மாற்றுகிற அதிகாரம் இல்லை. இதை அடுத்த விழாவின் முதல் கூட்டக் குறிப்பில் எழுதிக் கையெழுத்து வையுங்கள். எழுத மறுக்கிற குழுவின் மேடைக்குக் கீழே, முன்வரிசையில் உங்கள் தங்கச்சியை இருத்த வேண்டாம்.