போர்டு கப் சொல்லாத கெட்டித்தன்மை

வேலூர், ஆம்பூர், பேரணாம்பட்டு தோல் பினிஷிங் கூடங்களில் ஸ்ப்ரே கலவை தயாரானதும் கை தானாகவே போர்டு கப்பைத் தேடுகிறது. 4ஆம் எண் கப்பிலிருந்து கலவை எத்தனை விநாடியில் வழிந்தோடுகிறது என்று பார்க்கிறோம். கூடினால் தண்ணீர் ஊற்றி ஸ்ப்ரே கன்னுக்கு அனுப்புகிறோம். நீர்வழி பாலியூரித்தேன் பைண்டரும் கெட்டியாக்கும் திக்கனரும் சேர்ந்த இன்றைய டாப் கோட்டுக்கு அந்த ஒற்றை எண் போதவே போதாது.

அந்தக் கப், எவ்வளவு நெருக்கினாலும் கெட்டித்தன்மை மாறாத, நியூட்டன் விதிக்கு அடங்கிய திரவங்களுக்கானது. நம் கலவை வாளியில் கெட்டியாக நிற்கும், நாசிலில் நெருக்குப்படும்போது இளகும், தோலில் விழுந்தபின் மீண்டும் இறுகும். நமக்கும் அதுதான் வேண்டும். இல்லாவிட்டால் பூச்சு வழிந்துவிடும். ஆனால் இளகியபின் எவ்வளவு, இறுகியபின் எவ்வளவு என்று கப்பின் விநாடியில் தெரியாது.

நாசிலுக்கு வெளியே நடப்பது இன்னும் நுட்பமானது. வேகக் காற்று துளியின் முகத்தை அழுத்தித் தட்டையாக்கும். பரப்பு இழுவிசை அதை உருண்டையாகவே வைத்திருக்கப் பார்க்கும். இவ்விரண்டின் விகிதம்தான் வெபர் எண். தண்ணீர் போன்ற திரவத்தில் அது சுமார் 12ஐத் தாண்டினால் துளி நடுவில் பையாக உப்பிச் சிதறும். காற்று துளியைவிட விநாடிக்கு 100 மீட்டர் வேகமாக ஓடுகிறது, பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.03 நியூட்டன் என்று வைத்துக்கொண்டால், அந்த எல்லை ஏறக்குறைய 30 மைக்ரான் துளி.

நீண்ட பாலிமர் சங்கிலிகள் உள்ள துளி இந்தக் கணக்குக்கு எளிதில் கட்டுப்படாது. பை உப்பினாலும் சட்டென்று கிழியாது. விளிம்பு நூலாக இழுபடும், நூலில் கோத்த மணிகளாகச் சிறு துளிகள் தொங்கும். கறுப்பு ஷூ அப்பரில் சிலந்தி வலையாகப் படிவது இந்த நூல்தான். உடையாமல் தப்பிய பெரிய துளிகள் ஆரஞ்சுத் தோல்போல மேடுபள்ளம் விடும்.

இவற்றைக் கண்டதும் காற்றழுத்தத்தைக் கூட்டுவது நம் வழக்கம். நுண்துளிகள் பெருகும், அவை காற்றின் வளைவோடு வளைந்து, தோலைத் தொடாமலே ஸ்ப்ரே பூத்தின் நீர்த்திரைக்குப் போய்விடும். அக்னி நட்சத்திர வெயிலில் வழியிலேயே காய்ந்து சொரசொரப்பாகவும் படியும். நீர்த்திரையில் கலந்த பைண்டர் கடைசியில் கழிவுநீரில்தான் சேர்கிறது. பாலாற்றுப் படுகைத் தோல் கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்த வட்டாரம் இது. வீணாகும் பூச்சுக்கு ஒருமுறை, அதைச் சுத்திகரிக்க மறுமுறை என்று இரண்டு தடவை பணம் கொடுக்கிறோம்.

சுழல் விஸ்காமீட்டர் வைத்திருப்பவர்கள் ஒரே ஸ்பிண்டிலை நிமிடத்துக்கு 10, 100 சுற்றுகளில் ஓட்டி, இரண்டு அளவையும் எழுதுங்கள். கன்னின் வேகத்தை அது எட்டாது. என்றாலும் கலவை எவ்வளவு இளகும் என்ற போக்கைக் காட்டும். கலவையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே வைத்துப் பிரித்து, நூல் எவ்வளவு நீளம் வந்து அறுகிறது என்றும் பாருங்கள். நூல் நீண்டால் தண்ணீரைத் தொடுமுன் திக்கனரின் வகையையும் அளவையும் சோதியுங்கள்.

அணைக்கட்டு முதல் வாணியம்பாடி வரையுள்ள பினிஷிங் மாஸ்டர்கள், இந்த அளவுகளைக் காற்றழுத்தத்தோடும் கூடத்தின் வெப்பநிலையோடும் சேர்த்து எங்களுக்கு எழுதி அனுப்ப வேண்டுகிறோம்.