கொள்வோர் நாணயம்

விற்போன் ஏமாற்றுவான், வாங்குவோன் ஏமாறுவான் என்பதே வாணிகத்தைப் பற்றி நெடுங்காலமாக நிலவிவரும் எண்ணம். எடையிற் குறைத்தல், கலப்படஞ் செய்தல், பழுதை மறைத்தல் முதலிய குற்றங்களெல்லாம் விற்போன்மேலேயே சுமத்தப்பட்டன. 2019-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் விலை கொடுத்து வாங்குவோர்க்கே அரணாக நிற்கின்றது. ஆயின், பழம்பொருள்களை இணைய வாயிலாக விற்கும் இந்நாளில், காக்கப்பட வேண்டியவன் பலகாலும் விற்போனாகவே இருக்கின்றான்.

அவ்விற்போர் யாவர்? பெருவணிகரல்லர். தேர்வு முடிந்தபின் பாடநூல்களையும், விடுதியை விட்டு நீங்குங்கால் மிதிவண்டியையும், கட்டணநாள் நெருங்குங்கால் கைப்பேசியையும் விற்கும் நம்மனோரே. நமக்கு 2,000 ரூபாயும் பெருந்தொகையன்றோ?

வஞ்சகன் வரும் வழியைக் காண்போம். விளம்பரம் வெளிவந்த சிறிது நேரத்தில் ஒருவன் அழைப்பான். பொருளைப் பார்க்க விரும்பான். விலையைக் குறைத்துங் கேளான். தான் படைவீரனென்றும், வேற்றூருக்கு மாற்றலானமையின் நேரில் வர இயலாதென்றும் கூறுவான். படைவீரர்பால் மக்கள் கொண்ட மதிப்பே அவனுக்கு முதற்பொருள். பின்னர், 'இந்தக் க்யூ.ஆர். குறியை ஸ்கேன் செய்து இரகசிய எண்ணை இடுக. பணம் உமக்கு வந்து சேரும்' என்பான். இட்டவுடன் பணம் வாராது, உள்ளதும் போகும். 2016-இல் தொடங்கிய யு.பி.ஐ. முறையில் இரகசிய எண், பணம் கொடுப்பதற்கும் இருப்பை அறிவதற்கும் வேண்டப்படுவது. பெறுவதற்கு ஒருபோதும் வேண்டுவதில்லை. இவ்வொன்றைத் தெளிந்தோர் பெருங்கேட்டினின்றுந் தப்புவர்.

வேறு சிலர், பணம் அனுப்பியதாகப் பொய்ப்படம் ஒன்றைக் காட்டிப் பொருளைக் கொண்டுபோவர். இன்னுஞ் சிலர், 'தவறுதலாக மிகுதியாக அனுப்பிவிட்டேன். எஞ்சியதைத் திருப்பி விடுக' என இரங்கிக் கேட்பர். கணக்கை நோக்கின் ஒரு காசும் வந்திராது.

'இங்ஙனம் எல்லாரையும் கள்வரென ஐயுறுதல் தகுமோ?' எனச் சிலர் வினவுவர். தகாது. ஐயம் வேறு, நெறி வேறு. வங்கியிற் காசாளர் எவர் கொடுத்த பணத்தையும் எண்ணியே வாங்குவர். அதனை அவமதிப்பென எவருங் கருதுவதில்லை. அவ்வாறே நாமும் நம் நெறியை விளம்பரத்திலேயே அறிவித்துவிடலாம்: பொருளைப் பகலில், பலர் நடமாடும் இடத்தில் நேரிற் காட்டுவோம், பணம் நம் வங்கிக் கணக்கிற் சேர்ந்ததை நாமே கண்டபின் பொருளைக் கொடுப்போம், எக்காரணம் பற்றியும் வாங்குவோர்க்குப் பணம் அனுப்போம். நேர்மையாளர் இதற்கு உடன்படுவர். வஞ்சகனோ விரைவுபடுத்துவான், விரைவே அவன் படைக்கலம்.

எனினும் பணவிழப்பினுங் கொடியது, ஏமாந்தோர் நாணி வாய்மூடியிருத்தல். 'படித்தவன் ஏமாந்தானே!' என நகைப்போர் வஞ்சகனுக்கே துணைசெய்கின்றனர். பணம் ஒரு கணக்கினின்று மற்றொன்றிற்கு விரைந்து மாற்றப்படுமாதலின், 1930 என்னும் எண்ணிற்கு உடனே அறிவித்தல் வேண்டும். காலத்தே அறிவித்தால் அப்பணத்தை இடையிலேயே தடுத்து நிறுத்தவுங் கூடும். கணினி வாயிலாக ஆள்மாறாட்டஞ் செய்து ஏமாற்றுவோர்க்கு, 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு 3 ஆண்டு வரை சிறை விதிக்கின்றது. குற்றமும் நாணமும் அவர்க்குரியன; ஏமாந்தோர்க்குரியன அல்ல.

இறுதியாக ஒன்று. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழுங்கால், அவர் கொடுப்பதிற் குறைவுசெய்யார் என்பதோடு நில்லாது, கொள்வதில் மிகையாகக் கொள்ளார் என்றுங் கூறுகின்றது. கொள்வோர்க்கும் அறம் உண்டென்பது இதனால் விளங்கும். நாமும் விற்போர் மட்டுமல்லேம், வாங்குவோருமாவேம். தொலைபேசியில் ஒரு விலைக்கு இசைந்து, விற்போனை நெடுநேரங் காக்கவைத்து, பொருள் கைக்கு வருங்கால் 'இவ்வளவே என்னிடம் உளது' எனக் குறைத்துக் கொடுக்கும் வழக்கம் நம்முள் இல்லையா? அதனைச் சாமர்த்தியமென மெச்சும் வாய், வஞ்சகனைப் பழித்தற்குத் தகுதி பெறுமோ? பிறர் வஞ்சத்திற்கு அஞ்சிக் கதவடைக்கும் நாம், நம் சொல்லிற் பிறழாது நிற்றலையும் பழகுவோமாக.