இருபதில் குப்பை, ஐம்பதில் பொக்கிஷமா?

பி.காம். படிக்கிறவனைப் பழைய கார் பற்றி எழுதச் சொன்னால் என்ன செய்வான்? தேய்மானக் கணக்கு போடுவான். நானும் அதையேதான் செய்தேன்.

ஒரு லட்சம் ரூபாய்க்கு வாங்கிய கார் என்று வைத்துக்கொள்வோம். குறைந்து செல் மதிப்பு முறையில் வருஷத்துக்கு 15 சதவீதம் கழித்துக்கொண்டே வந்தால், 10 வருஷம் முடியும்போது ஏட்டில் மிஞ்சுவது 19,687 ரூபாய். 20 வருஷம் முடியும்போது 3,876 ரூபாய். (வகுப்புத் தோழர்கள் சரிபார்த்துக்கொள்ளலாம். தப்பு இருந்தால் என்னிடம் மட்டும் சொல்லுங்கள், சாரிடம் வேண்டாம்!)

இப்போது அந்தக் காரின் ஆர்.சி.யைப் புதுப்பிக்கப் போகிறோம். 2022 ஏப்ரலுக்கு முன்னால் இதற்குக் கட்டணம் 600 ரூபாய். அதற்குப் பிறகு 5,000. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு விதியை மறுபடியும் திருத்தியது. 20 வயதைத் தாண்டிய கார் என்றால் 10,000 ரூபாய். பசுமை வரி தனி. காரை எஃப்.சி.க்குத் தயார் செய்கிற செலவு தனி. ஏட்டில் 3,876 ரூபாய் பெறும் வண்டியை வீட்டில் வைத்திருக்க 10,000 ரூபாய்! சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம்ம ஊர் ஆச்சிமார் சும்மாவா சொன்னார்கள்?

சரி, பழைய வண்டி என்றாலே அரசாங்கத்துக்கு ஆகாது போல என்று நினைத்தால், அதுவும் இல்லை. 2021 ஜூலையில் இதே மத்திய அரசு இன்னொரு விதி கொண்டுவந்தது. 50 வயதைத் தாண்டி, அடிப்படை மாறாமல் இருக்கும் கார், பைக் எல்லாம் 'வின்டேஜ்' வாகனம். அவற்றுக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனி நம்பர் பிளேட். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். அடுத்த பதிவுக்கு 5,000தான். நாட்டின் பாரம்பரியத்தைக் காப்பாற்றத்தான் இந்த ஏற்பாடு என்றார்கள். நல்ல விஷயம்தான்.

ஆனால் என் கேள்வி ரொம்ப எளிமையானது. 20 வயதில் குப்பை, 50 வயதில் பொக்கிஷம். நடுவில் இருக்கிற 30 வருஷம் அந்தக் கார் எங்கே போய் ஒளிந்துகொள்ளும்?

1990-ல் வந்த ஒரு அம்பாசிடரை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு 50 வயது ஆவது 2040-ல். அதுவரை 5 வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டும். இன்றைய கட்டணம் ஏறவே ஏறாது என்று வைத்தாலும் மூன்று தடவைக்கு 30,000 ரூபாய். இதைவிட எடைக்குப் போட்டால் கையில் காசு வரும் என்றுதான் எந்த வீட்டிலும் முடிவெடுப்பார்கள். இருபதிலேயே உடைத்துவிட்டால் ஐம்பதில் எதைப் பாதுகாப்பது?

இன்னொரு உதாரணம் நம் மாநிலத்துச் சரக்கு. சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி இருந்தது. 1961-ல் ஹெரால்ட், எழுபதுகளில் கெஸல், 1985-ல் ஸ்டாண்டர்ட் 2000. 1988-ல் உற்பத்தி நின்றுபோனது. அந்தக் கடைசி மாடல் இன்று 'வின்டேஜ்' இல்லை. 2035 வரை காத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் செய்த காருக்குத் தமிழ்நாட்டு ரோட்டில் இன்றைய தேதியில் மரியாதை கிடையாது.

இதை யார் கேட்க வேண்டும்? பழைய கார் ஆர்வலர்கள்தானே? இங்கேதான் எனக்கு நிஜமான கோபம். நாம் பார்க்கிற பெரும்பாலான பழைய கார் அணிவகுப்புகள் எப்படி இருக்கின்றன? நட்சத்திர ஓட்டல் வாசல், ராஜா வீட்டு வண்டி, தொப்பி வைத்த முதலாளி, நாலு போட்டோ. அந்த வண்டியை ஓட வைத்த மெக்கானிக் கூட்டத்துக்கு வெளியே கையில் துணியோடு நிற்கிறார். ஐம்பதைத் தாண்டிய வண்டி வைத்திருப்பவருக்கு நடுவில் இருக்கும் முப்பது வருஷம் ஒரு பிரச்சினையே இல்லை. அதனால் அந்தக் கேள்வி அங்கே எழுவதே இல்லை.

தாமிரபரணிக் கரையில் ராஜா வீட்டு வண்டியா ஓடியது? கிராமத்தில் காருக்கு 'பிளஷர்' என்றுதானே பேர்! கல்யாணத்துக்கும் பிரசவத்துக்கும் குற்றால சீசனுக்கும் ஓடிய டாக்ஸி அம்பாசிடர், டாக்டர் வீட்டு ஃபியட், இவைதான் நம்ம ஊர் மோட்டார் சரித்திரம். மதுரையில் பஸ் விட்டு டி.வி.எஸ். நிறுவனத்தை வளர்த்த டி.வி.சுந்தரம் ஐயங்கார் பிறந்தது நம்ம திருக்குறுங்குடியில்தான். பாரம்பரியம் பற்றிப் பேச நமக்கும் பாத்தியதை இருக்கிறது.

அந்தப் பாரம்பரியம் தகரத்தில் மட்டும் இல்லை, ஆட்களின் கையில் இருக்கிறது. பாபநாசத்திலிருந்து காரையாறு ஏறும்போது சூட்டில் பெட்ரோல் ஆவியாகிப் பைப்பில் அடைத்துக்கொண்டால் பம்பின் மேல் ஈரத்துணி சுற்ற வேண்டும் என்பது வயதான டிரைவருக்குத் தெரியும். இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸும் வாஷரும் அதைத் தாங்காது. எதை மாற்ற வேண்டும், எது இங்கே கிடைக்கும் என்று பாளையங்கோட்டையில் ஒரு ஷெட்டில் அண்ணாச்சி ஒருவரிடம் கேட்டேன். அரை மணி நேரம் சொல்லிவிட்டுச் சிரித்தார். "இதையெல்லாம் யாருடே கேக்கா? என்னோட போயிரும்."

போக விடலாமா?

"பழைய வண்டி புகை கக்குமே தம்பி" என்பீர்கள். நியாயமான வாதம்தான். தினமும் ஓடும் வண்டியைக் கண்டிப்பாகப் பிடியுங்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் அம்பாசமுத்திரம் வரை போய்வருகிற வண்டியும் தினம் நூறு கிலோமீட்டர் ஓடுகிற வண்டியும் ஒன்றா? ஜெர்மனியில் 30 வயதான, பழைய அமைப்பு மாறாத காருக்குத் தனி நம்பர் பிளேட்டும் வரிச் சலுகையும் உண்டு. 1997 முதல் நடக்கிறது. பிரிட்டனில் 40 வயதானால் சாலை வரி கிடையாது. அவர்களுக்கெல்லாம் சுற்றுச்சூழல் அக்கறை இல்லையா என்ன?

ஆகவே நான் சொல்வது இதுதான். 50 என்பதை 30 ஆக்கச் சொல்லிக் கேட்போம். வருஷத்துக்கு இவ்வளவு கிலோமீட்டர்தான் ஓட்டலாம் என்று வரம்பு போடட்டும், புகைப் பரிசோதனையும் வைக்கட்டும், ஒப்புக்கொள்வோம். அதைக் கேட்கிற கூட்டத்தில் காரே இல்லாதவனுக்கும் இடம் வேண்டும் (என்னிடம் இருப்பது சைக்கிள்!). மெக்கானிக்கும் பழைய டிரைவரும் முன் வரிசையில் உட்கார வேண்டும். அவர்கள் சொல்வதைத் தமிழில் எழுதி வைக்க வேண்டும்.

நம்ம ஊர் நெல்லையப்பர் தேரைப் பாருங்கள். 2024 ஆனித் தேரோட்டத்தில் வடம் அறுந்தது. யாராவது தேரை எடைக்குப் போடச் சொன்னார்களா? வேறு வடம் கட்டினார்கள், ஊரே சேர்ந்து இழுத்தது. தேர் இத்தனை தலைமுறையாக ஓடுவது அது ஒரு ஆள் சொத்தாக இல்லாததால்தான். பிளஷருக்கும் அதே வழிதான். வடம் பிடிக்க யார் யார் வருகிறீர்கள்?