ஆதி அன்பும் அடுத்த முகாமும்



"பிள்ளைகளிடம் முன்பிருந்த அனல் இல்லை!" திருச்சபைக் கூட்டங்களில் ஆண்டுதோறும் ஒலிக்கும் ஒப்பாரி இது. இதற்கு நம் பெரியவர்கள் கண்டுபிடித்திருக்கும் மருந்தும் ஆண்டுதோறும் ஒன்றே. இன்னொரு முகாம். இன்னொரு எழுப்புதல் கூட்டம். சென்ற ஆண்டைவிடப் பெரிய ஒலிபெருக்கி. போர்ட்டிக்சன் கடற்கரையில் மூன்று நாள் தங்கல். கடைசி இரவில் விளக்குகளை அணைத்து, மெல்லிசை ஒலிக்க, கண்ணீர். வீடு திரும்பிய பிள்ளையைக் கண்டு குடும்பமே பூரிக்கிறது. ஆறு வாரங்கள் கழித்துப் பாருங்கள். வேதாகமத்தை எங்கே வைத்தோம் என்பது அந்தப் பிள்ளைக்கே தெரியாது. உடனே மீண்டும் ஒப்பாரி!

நான் முகாம்களுக்கு எதிரி அல்லேன். அந்த இரவில் சிந்தப்படும் கண்ணீர் பொய் என்றும் கூறமாட்டேன். உணர்ச்சியை விசுவாசத்தின் அளவுகோலாக்கி, அது தணிந்தவுடன் விசுவாசமே தணிந்துவிட்டதாகப் பிள்ளைகளை நம்பவைக்கிறோமே, அதைத்தான் எதிர்க்கிறேன். 12 வயதில் முதன்முதலாகப் பொங்கிய உள்ளம் 16 வயதிலும் அதே அளவில் பொங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எந்த ஊர் நியாயம்? பொங்காதபோது அந்தப் பிள்ளைக்கு நாம் விட்டுவைக்கும் வழிகள் இரண்டே. ஒன்று, பொங்குவதுபோல் நடிப்பது. மற்றது, விலகிப் போவது. நடிக்கத் தெரிந்தவர்களை மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைக்கிறோம். நடிக்க மனமில்லாத நேர்மையான பிள்ளைகளை இழக்கிறோம். இழந்த பிறகு, "உலகம் இழுத்துக்கொண்டது" என்று பழியை உலகத்தின்மேல் போட்டுவிடுகிறோம்.

ஆசிரியர்களுக்கு இந்தக் கதை புதிதன்று. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-ஆம் ஆண்டு நீக்கப்படும்வரை நாம் பார்த்த தன்முனைப்பு முகாம்கள் எத்தனை! பெற்றோரின் பாதங்களைக் கழுவச் செய்து, மண்டபம் முழுவதையும் அழவைத்த பேச்சாளர் மாலையில் மகிழுந்தில் ஏறிப் போய்விடுவார். மறுநாள் காலையில் பின்னக் கணக்கைச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர் வகுப்பாசிரியர். அழுத காரணத்தால் எந்தப் பிள்ளைக்கும் பின்னம் வந்துவிடவில்லை.

அப்படியானால், "வயது ஏற ஏற எல்லாம் அடங்கிவிடும், அதுதான் முதிர்ச்சி" என்பாரோடு நான் சேர்ந்துகொள்கிறேனா? இல்லை. முகாம்காரர்களாவது குளிரைக் கண்டு கவலைப்படுகிறார்கள். இவர்களோ குளிரையே ஞானம் என்கிறார்கள்! பவுலடியார் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, பெற்ற வரத்தை அனல்மூட்டச் சொல்கிறார். தீ தானாக எரிந்துகொண்டிருக்கும் என்று அவர் எண்ணவில்லை. வெளிப்படுத்தின விசேஷத்தில் எபேசு சபைக்கு வந்த செய்தியும் அத்தகையதே. அச்சபையின் உழைப்பும் பொறுமையும் முதலில் பாராட்டப்படுகின்றன; பிறகு, ஆதி அன்பை விட்டாய் என்ற குற்றச்சாட்டு வருகிறது. ஆகவே கடனுக்கு உழைத்தால் போதாது என்பது உண்மை. ஆனால் அதற்குச் சொல்லப்பட்ட பரிகாரம் என்ன? ஆதியில் உணர்ந்ததை மீண்டும் உணர் என்பதன்று. மனந்திரும்பி, ஆதியில் செய்தவற்றை மீண்டும் செய் என்பதே. இந்த வசனத்தை மேற்கோள் காட்டி முகாமுக்கு ஆள் சேர்ப்பவர்கள் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள்.

ஜான் வெஸ்லியின் வரலாறு நம்மில் பலருக்குத் தெரியும். அவர் வழிவந்த மெதடிஸ்ட் சபையின் பணி 1885-இல் சிங்கப்பூரில் தொடங்கி, இந்த மண்ணில் தமிழர்களிடையேயும் வேரூன்றியது. 1738 மே 24 அன்று இரவு, இலண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு சிறு கூட்டத்தில் அவருடைய உள்ளம் கனன்றது. இதைப் பிரசங்கங்களில் ஆயிரம் முறை கேட்டிருக்கிறோம். எட்டு மாதங்கள்கூட ஆகாத நிலையில், 1739 சனவரியில், தாம் கிறிஸ்தவரே அல்லர் என்று அவர் தம் நாட்குறிப்பில் எழுதியதை எத்தனை போதகர்கள் நமக்குச் சொன்னார்கள்? அதைச் சொன்னால்தானே, அனல் தணிந்து தவிக்கும் நம் பிள்ளைகளுக்கு மூச்சு வரும்!

வெஸ்லி இன்னோர் ஆல்டர்ஸ்கேட் இரவைத் தேடி அலையவில்லை. சில மாதங்களில் பிரிஸ்டல் நகர்த் திறந்தவெளிகளில் ஏழைகளுக்குப் பிரசங்கிக்கத் தொடங்கினார். 1742-இல் அந்நகரிலிருந்த அவர்களுடைய கூடத்தின்மேல் கடன் இருந்தது. உறுப்பினர் ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி கொடுப்பது. பன்னிரண்டு பேருக்கு ஒருவர் பொறுப்பேற்று வாரந்தோறும் சென்று வசூலிப்பது என்று முடிவாயிற்று. கடன் வசூலிக்கப் போனவர்கள் வீடுகளின் உண்மை நிலையைக் கண்டார்கள். நெறிதவறியவர்களைப் பற்றி வந்து சொன்னார்கள். தேடிக்கொண்டிருந்த வழி இதுவே என்று வெஸ்லி கண்டுகொண்டார். பணம் வாங்கப் போனவர் ஆன்மாவை விசாரிப்பவரானார். பின்னர் அந்தப் பன்னிருவரும் வாரம் ஒருமுறை கூடினார்கள். அதற்கு வகுப்பு என்றே பெயர்! (ஆசிரியர்களாகிய நாம் சற்றே பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.) 1791-இல், 87 வயதில் வெஸ்லி மறைந்தபோது அந்த இயக்கம் உயிரோடிருந்ததற்கு இந்த வகுப்புகள் பெருங்காரணம்.

தொலைவிலுள்ள இங்கிலாந்து வேண்டாம் என்பீர்களா? 1935-இல் சிங்கப்பூர் தெலுக் ஆயர் சீன மெதடிஸ்ட் ஆலயத்தில் ஜான் சுங் கூட்டங்கள் நடத்தினார். அங்கே உணர்ச்சிக்குப் பஞ்சமே இல்லை. ஆயினும் அவர் மனந்திரும்பியவர்களைச் சிறு சிறு நற்செய்திக் குழுக்களாகப் பிரித்துத் தொடர்ந்து வேலை கொடுத்துவிட்டே போனார். அவர் 1944-இல் மறைந்தார். குழுக்கள் அவரோடு மறையவில்லை.

இனி நம் வீட்டுக்கு வருவோம். 16 வயதுப் பிள்ளைக்கு நம் சபையில் என்ன வேலை இருக்கிறது? நாற்காலி அடுக்குவது, கிட்டார் வாசிப்பது. ஓய்வுநாள் பள்ளியில் ஆறு வயதுக் குழந்தைகளுக்குக் கதை சொல்லும் பொறுப்பை ஓராண்டுக்கு அவனிடம் ஒப்படையுங்கள். நோயுற்ற பாட்டியைப் பார்க்க மாதம் ஒருமுறை அவளை அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் கேட்கும் கடினமான கேள்விகளுக்கு, "விசுவாசி, போதும்" என்று வாயடைக்காதீர்கள். வீட்டில் குடும்ப ஜெபம் நின்று எத்தனை ஆண்டுகளாயின என்பதையும் பெற்றோர் கணக்குப் பார்க்கட்டும். வீட்டு அடுப்பை அணைத்துவிட்டு, பிள்ளையைக் குளிர்காயப் போர்ட்டிக்சனுக்கு அனுப்புவது வேடிக்கையாக இல்லையா?

முதலாண்டு வகுப்பறையில் நுழைந்தபோதிருந்த படபடப்பு இன்று எனக்கில்லை. ஆனால் ஒரு குழந்தை எழுத்துக்கூட்டித் தன் முதல் சொல்லை வாசிக்கும்போது எனக்குள் எழும் மகிழ்ச்சி, அன்றைய படபடப்பைவிட ஆழமானது. ஆண்டுக்கணக்கில் அதே அ, ஆ கற்பித்தவருக்கே அது கிட்டும். முதிர்ந்த விசுவாசத்தின் உற்சாகமும் இந்த இனத்தைச் சேர்ந்ததே என்பது என் துணிபு. அப்படியொன்று இருக்கிறது என்பதையே நாம் பிள்ளைகளுக்குக் காட்டுவதில்லை.

ஆண்டிறுதி முகாமுக்கான விண்ணப்பப் படிவம் விரைவில் உங்கள் கைக்கும் வரும். பெயர், வயது, சட்டை அளவு, ஒவ்வாமை எல்லாம் கேட்டிருப்பார்கள். முகாம் முடிந்த மறுவாரமும் அதற்கடுத்த வாரமும் இந்தப் பிள்ளையைச் சந்திக்கப் போகிறவர் யார் என்று ஒரு வரி அதில் இருக்கிறதா? இல்லையென்றால், பணத்தைக் கட்டும் முன் ஏற்பாட்டுக் குழுவிடம் அதைக் கேளுங்கள்.