ஏழாம் ஆண்டுக்குப் போகும் பிள்ளைக்குப் பந்து பிடிக்கத் தெரியுமா?

இங்கிலாந்தில் ஆறாம் ஆண்டில் படிக்கும் பிள்ளைகள் உள்ள எமது வீடுகளில் செப்டெம்பர் ஒரு பெரிய மாதம். கிராமர் பாடசாலைகளுக்கான லெவன் பிளஸ் பரீட்சை பெரும்பாலும் அப்போதுதான் நடக்கிறது. இதற்கு நான்காம் ஆண்டிலேயே ரியூசன் தொடங்கும் வீடுகள் பல. ரியூசனுக்கு இடம்விட்டு முதலில் நிற்பது நீச்சல் வகுப்பு, அடுத்து பூங்காவில் பந்தடிப்பது. கல்வியில் பெற்றோர் காட்டும் அக்கறையை நாம் குறை கூறவில்லை. ஆனால் பரீட்சை முடிந்த பிறகும் நின்றுபோன விளையாட்டு மீண்டும் தொடங்குவதில்லையே, அதுதான் எமது கவலை.

ஓடுதல், தாவுதல், எறிதல், பிடித்தல், உதைத்தல், ஒற்றைக் காலில் சமநிலையாக நிற்றல் ஆகியவை உடலின் அரிச்சுவடி. வளர வளரத் தானாக வரும் என்று பலர் எண்ணுகிறார்கள். எழுத்தைப் போலவே இவையும் சொல்லிக்கொடுத்து, திரும்பத் திரும்பச் செய்து பழக வேண்டியவை. ஊரில் கிளித்தட்டும் கிட்டிப்புள்ளும் எட்டுக்கோடும் அந்தப் பயிற்சியைத் தந்தன. இங்கு மாடிக் குடியிருப்பில் வளரும் பிள்ளைக்கு நாம் நேரம் ஒதுக்கினால்தான் உண்டு.

ஏழாம் ஆண்டில் பிள்ளை புதிய பாடசாலைக்குப் போகிறது. அங்கு உடற்பயிற்சிப் பாடத்தில் ஹொக்கி, நெற்போல், ரக்பி போன்ற போட்டி விளையாட்டுகள் கூடுகின்றன. பந்தைப் பிடிக்கத் தெரியாத பிள்ளை புதிய முகங்களுக்கு முன் கூச்சப்பட்டு ஒதுங்கும். ஒதுங்குவதால் பழக்கம் குறையும், பழக்கம் குறைவதால் மேலும் ஒதுங்கும். "எனக்கு விளையாட்டு வராது" என்ற எண்ணம் இப்படித்தான் ஊன்றிவிடுகிறது.

5 முதல் 17 வயது வரையானவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி இயங்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆனால் 11 முதல் 17 வயதுடையோரில் 81 விழுக்காட்டினர் இந்த அளவை எட்டவில்லை என்று அந்நிறுவனம் 2016ஆம் ஆண்டுத் தரவுகளைக் கொண்டு கணித்தது. பெண் பிள்ளைகளில் இது 85 விழுக்காடு. தெற்காசியருக்கு இரண்டாம் வகை நீரிழிவு ஏனையோரைவிட இளவயதிலேயே வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இது எமது சமூகத்துக்கு மேலும் முக்கியமான விடயம்.

எனவே பரீட்சை முடியும் செப்டெம்பரிலிருந்து ஏழாம் ஆண்டு தொடங்கும் அடுத்த செப்டெம்பர் வரை உள்ள ஒரு வருடத்தைப் பிள்ளையின் உடலுக்குக் கொடுப்போம் என்பதே எமது கருத்து. ஆரம்பப் பாடசாலையை முடிக்கும்போது பிள்ளை 25 மீற்றர் நீந்த வேண்டும் என இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்டமே எதிர்பார்க்கிறது. உங்கள் பிள்ளை நீந்துகிறதா என்று பாருங்கள். சைக்கிள் ஓடப் பழக்குங்கள். ரெனிஸ் பந்து ஒன்றை வாங்கி, நாளுக்குப் பத்து நிமிடம் எறிந்து பிடித்து விளையாடுங்கள். கயிறடித்தலுக்குச் செலவே இல்லை, எலும்புக்கும் நல்லது.

பரதநாட்டியம் சமநிலையையும் கால் வலிமையையும் தரும் நல்ல பயிற்சி. ஆனால் எறிதலும் பிடித்தலும் நீச்சலும் அதில் இல்லை. வயதுக்கு வந்ததும் மகளின் விளையாட்டை நிறுத்த எந்த மருத்துவக் காரணமும் இல்லை. எலும்பு வேகமாக வலுப்பெறும் வயதும் அதுதான்.

எவ்வளவு பழகியும் தடுமாறுகிற, சப்பாத்துக் கயிறு கட்டவும் எழுதவும் சிரமப்படுகிற பிள்ளையைச் சோம்பேறி என்று ஏசாதீர்கள். அது டிஸ்பிராக்சியா எனப்படும் உடலியக்க ஒருங்கிணைப்புக் குறைபாடாக இருக்கலாம். ஆசிரியருடனும் குடும்ப வைத்தியருடனும் பேசுங்கள். தக்க உதவி கிடைத்தால் இப்பிள்ளைகளும் முன்னேறுவார்கள்.

சங்கங்களும் தமிழ்ப் பாடசாலைகளும் வருடத்துக்கு ஒருமுறை விளையாட்டுப் போட்டி வைப்பதோடு நின்றுவிடக் கூடாது. சனிக்கிழமை இடைவேளையில் முற்றத்தில் கிளித்தட்டுக் கோடு போட ஒரு சோக்குக் கட்டி போதும். வெல்பவரைத் தேர்ந்தெடுக்க அல்ல, எல்லாப் பிள்ளைகளும் ஓடுவதற்காக அதைப் போடுவோம்.