விண்ணுக்கு ஓடு! வீட்டுக்கு என்ன?

2007 ஜனவரி 10. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவுகணை ஒரு கலத்தைச் சுமந்து விண்ணேறியது. பன்னிரண்டு நாள் பூமியைச் சுற்றிய அக்கலம், 22-ஆம் நாள் வங்கக் கடலில் பத்திரமாக இறங்கியது. காற்று மண்டலத்தைக் கிழித்து வருகையில் எழும் தாங்கவொண்ணா வெப்பத்தில் அது சாம்பலாகாமல் காத்தவற்றுள் ஒன்று எது தெரியுமா? அதன்மேல் பதித்த சிலிகா ஓடு!

ஆம், ஓடுதான். திருவனந்தபுரத்து விண்வெளி மையத்தில் உருவான ஓடு. மணலில் உள்ள அதே சிலிகாவை இழையாக்கி, குழைத்து, அச்சிலிட்டு, உலர்த்தி, சூளையிலே சுட்டெடுத்தது. குயவன் கைத்தொழிலின் கொள்ளுப்பேரன் அது! இந்தச் சாதனையைக் கண்டு பூரிக்கிறோம். அறிவியல் வேண்டாமென்போர் அல்லர் நாம்.

ஆனால், ஏவுதளத்துக்கும் பழவேற்காட்டுக் குப்பங்களுக்கும் நடுவே கிடப்பது ஓர் ஏரிதான். கூனங்குப்பமும் அரங்கம்குப்பமும் லைட் ஹவுஸ் குப்பமும் ஏவுகணையின் நெருப்பை அண்ணாந்து பார்க்கின்றன. ஏவும் நாளில், "ஆபத்துப் பகுதிக்குள் போகாதீர்" என்று மீனவனுக்கு அறிவிப்பு வருகிறது. உயிர்காக்கும் அறிவிப்பு, மறுக்கவில்லை. ஆனால் கரையேறிய படகு உலை வைக்குமா? நாட்டுக்காக அவன் வலையை மடித்தால், அந்நாள் கூலிக்கு ஈடு தருவது சலுகையன்று, உரிமை!

இன்னொன்றும் கேட்கிறோம். மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடியில் கடல்நீர் ஏறிக் கிணறுகள் உப்பாகிப் பல ஆண்டுகள் ஆயின. காட்டுப்பள்ளியில் 2010-இல் ஓர் ஆலை எழுந்தது. கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் திறன் அதற்கு. யாருக்காக? சென்னை மாநகருக்காக! நகரத் தொழிலாளியின் தாகம் தீரட்டும். குப்பத்துத் தாயின் குடமும் அதே ஆலையில் நிறையட்டும்!

1950-இல் கொல்கத்தாவில் திறக்கப்பட்ட மத்திய கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிலையம் ஒரு வழி காட்டியுள்ளது. களிமண்ணும் அலுமினாப் பொடியும் கலந்து குழாயாகச் சுட்டு, நுண்துளைச் சவ்வாக்கி, மேற்கு வங்கக் கிராமங்களில் நீரிலுள்ள இரும்பையும் ஆர்சனிக்கையும் நீக்கப் பயன்படுத்தியது. அடைத்தால் கழுவலாம், மீண்டும் பயன்படுத்தலாம். உப்பை அது நீக்காது. அதற்கு வேறு சவ்வு வேண்டும். ஆயினும் கலங்கலையும் கிருமியையும் தடுத்து, உப்பு நீக்கும் சவ்வுக்கு முன்காவலாய் நிற்கும். வெள்ளத்தில் கலங்கிய நீருக்கு இது போதாதா?

வான்கலத்துக்குக் கவசம் சுட்ட நாடு, மீனவன் வீட்டுக்கு ஒரு வடிகட்டி சுட முடியாதா? முடியும். மனம் வேண்டும், மானியம் வேண்டும், குப்பந்தோறும் அதைப் பழுதுபார்க்கப் பயின்ற இளைஞன் வேண்டும்.

தோழர்களே! படிப்பகங்களில் இதைப் பேசுங்கள். குப்பங்களுக்குச் சென்று குடிநீரின் நிலையைக் கேட்டு எழுதுங்கள். மனுவாக்கி ஆட்சியாளரிடம் கொடுங்கள். ஏவுகணையின் ஒளி ஏரியில் விழுந்தால் போதாது. அதன் அறிவு குடிசையிலும் விழவேண்டும்!