பஞ்சும் நெருப்பும்

பஞ்சையும் நெருப்பையும் பக்கத்தில் வைக்கலாமா? ஓர் இளைஞனும் ஓர் இளம்பெண்ணும் தனித்து நின்று நான்கு வார்த்தை பேசிவிட்டால் படுவான்கரையில் இன்றும் எழும் கேள்வி இது. பஞ்சுக்கு அறிவில்லை, நெருப்புக்கு நாணமில்லை. இரண்டும் உள்ள மனிதரை இவற்றுக்கு ஒப்பிட்டுவிட்டால், செய்த குற்றத்திற்கு எவனும் பொறுப்பேற்க வேண்டியதில்லை அல்லவா?

இந்த ஐயம் வவுணதீவுக்கு மட்டும் உரியதன்று. 2019 யூனில் கோயம்புத்தூரில் அதிகாரிகள் ஒரு விடுதியைப் பூட்டி முத்திரை வைத்தனர். மணமாகாத இருவர் ஓர் அறையில் தங்கியிருந்தது கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. அதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி எம்.எஸ். ரமேஷ் அவ்வாண்டு டிசெம்பரில் தீர்ப்பளித்தார்.

நாம் எழுதாமல் நடத்தும் சட்டத்தை யூதமதத்தார் எழுதியே வைத்துள்ளனர். 'யிஹூத்' என்பது அதன் பெயர். மணவுறவோ நெருங்கிய இரத்த உறவோ இல்லாத ஆணும் பெண்ணும் அடைத்த இடத்தில் தனித்திருத்தலாகாது. மணமாகாத பெண்ணுக்கும் இத்தடை விரிந்த வரலாற்றைத் தல்மூது கூறுகிறது. தாவீது அரசனின் மகன் அம்னோன் நோயாளிபோல் நடித்தான். மாற்றாந்தாய் மகளான தாமாரை அவனுக்கு உணவு சமைக்க அனுப்பியவன் அரசனே. அம்னோன் மற்றவர்களை வெளியேற்றிவிட்டு அவளைப் பலவந்தம் செய்தான். பின்பு அவளை வெளியே தள்ளிக் கதவைத் தாழிடச் செய்தான். அரசன் சினந்தான் என்கிறது விவிலியம். தண்டித்தான் என்று கூறவில்லை. அதன் பின்னரே அத்தடை பிறந்ததாம். குற்றவாளி இளவரசன், காவலோ கன்னியருக்கு!

விதி ஆணையும் கட்டுகிறதே என்று சிலர் வாதிப்பர். உண்மைதான். ஏறத்தாழ கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட மிஷ்னா, மணமாகாத ஆடவன் சிறுவருக்கு ஆசிரியனாகக் கூடாது என்கிறது. உடனேயே, பெண்ணும் ஆகக் கூடாது என்கிறது. பிள்ளைகளை அழைத்துவரும் பெற்றோருடன் தனிமை நேருமாம்! ஆசிரியரிற் பெரும்பாலோர் பெண்களாயுள்ள இலங்கையில் இதை நடைமுறைப்படுத்தினால் எத்தனை பாடசாலைகள் திறந்திருக்கும்?

நம் கரையில் நடப்பதைப் பாருங்கள். வலையிறவுப் பாலம் கடந்து மட்டக்களப்புக்கு மாலை வகுப்புக்குச் செல்லும் மாணவி, உடன்பயிலும் மாணவனோடு பேசி நின்றாள் என்று ஒரு வாய் சொன்னால் போதும். அவள் படிப்பு நிற்கும். அவன் படிப்பு தொடரும். வழியில் எவனோ தொல்லை கொடுத்தாலும் முடிவு அதுவே. தாய்வழிக் குடிமரபைப் பெருமையாகப் பேசும் மண் இது. வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுக்கும் நாம் வீதியை அவளுக்குக் கொடுக்க மறுக்கிறோம்.

தனிமையில் கொடுமை நிகழ்வதில்லை என்று எவரும் கூறவில்லை. வாசல் வீதியை நோக்கித் திறந்திருந்தால் தடையில்லை என்ற தல்மூதின் கூற்றில் நல்லறிவு உண்டு. அதை ஏற்போம். ஆசிரியன் மாணவியை அழைக்கும் அறையும், மேலதிகாரி பெண் ஊழியரை அழைக்கும் அறையும் திறந்திருக்கட்டும். அதிகாரம் எவன் கையில் உள்ளதோ அவனே கதவைத் திறக்கக் கடமைப்பட்டவன். சமமான இரு மாணவரின் உரையாடலுக்குக் காவல் எதற்கு?

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! ஒரு பெண் முறையிட்டு வரும்போது அவளுடைய புத்தகத்தை மூடுவதா, அம்னோன் யாரென்று கேட்பதா? தாவீதின் அரண்மனை கேட்கத் தவறியதை நம் ஊர்களாவது கேட்கட்டும்.